பழைய மலைச் சைக்கிளுக்கு மறுவாழ்வு

நீண்ட மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கி முடித்ததும் பின்சக்கரத்தின் ஹப்பிலிருந்து புகை வருவதை நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். நாம் அறிந்த சைக்கிள்களில் பிரேக் கட்டை ரிம்மின் மேல்தான் உராய்கிறது. ரிம் பெரியது, காற்றைக் கிழித்துக்கொண்டு சுழல்வது. ஆகவே சூடு உடனுக்குடன் ஆறிவிடுகிறது. ஆனால் 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மாரின் மாவட்டத்தில், இளைஞர் கூட்டம் ஒன்றுக்கு இந்தப் புகை மிகவும் பழகிப்போன காட்சி.

அவர்கள் ஓட்டியவை புதிய சைக்கிள்கள் அல்ல. 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் செய்யப்பட்டு, பழைய சாமான் கடைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் துருப்பிடித்துக் கிடந்த தடித்த டயர்ச் சைக்கிள்கள். ஷ்வின் என்ற நிறுவனத்தின் 'எக்செல்சியர்' பிரேம்களை அவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோ எடை. மட்கார்டையும் அலங்காரத் தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, உருட்டிக்கொண்டே மலைமேல் ஏறுவார்கள். பிறகு மண்பாதையில் தலைதெறிக்க இறங்குவார்கள்.

இந்தச் சைக்கிள்களில் பிரேக் பின் ஹப்புக்கு உள்ளேயே அடங்கியிருந்தது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால், ஹப்பினுள் இருக்கும் உலோகக் கட்டைகள் விரிந்து ஹப்பின் உட்சுவரை உரசும். சமதரையில் பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கு இது போதும். மலைக்கு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை அடுத்த மலையில், காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வண்டிகளுக்காக வெட்டிய ஒரு பாதை இருக்கிறது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தூரத்தில் அது 400 மீட்டர் இறங்குகிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே வருவதற்குள் இழக்கும் நிலையாற்றல் 100 × 9.8 × 400, அதாவது 3,92,000 ஜூல். இதில் ஒரு பங்கு காற்றுத் தடையிலும் டயரின் உருளலிலும் செலவாகும். பாதிதான் ஹப்புக்குப் போகிறது என்று தாராளமாகவே விட்டுவிடுவோம். ஒரு கிலோ இரும்பை 1 டிகிரி சூடாக்க 460 ஜூல் போதும். ஹப்பின் எடை ஒரு கிலோ என்றால், வெப்பம் வெளியேறாத நிலையில் அது 400 டிகிரிக்கும் மேல் சூடேற வேண்டும்! உண்மையில் ஓரளவு ஆறத்தான் செய்யும். ஆனாலும் சாதாரண கிரீஸ் 200 டிகிரிக்குள்ளாகவே உருகி ஒழுகத் தொடங்கிவிடுமே! அடிவாரத்தில் வந்து நிற்கும்போது கிரீஸ் கருகிப் புகைந்துகொண்டிருக்கும். அடுத்த முறை இறங்குவதற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைத்தாக வேண்டும். மீண்டும் அடைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பார்கள். அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

1976 அக்டோபர் 21-ஆம் நாள் அங்கே முதல் பந்தயம் நடந்தது. நடத்தியவர் சார்லி கெல்லி. ஒவ்வொருவராக அனுப்பி நேரம் குறிப்பார்கள். பிற்பாடு கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதே அந்தப் பாதையின் சாதனையாக நின்றது. இவரும் நண்பர்களும் அந்தக் கிழட்டுச் சைக்கிள்களில் பல பற்சக்கரங்களையும் கியர் மாற்றிகளையும் பொருத்தி, உருட்டாமல் மிதித்தே மலையேறவும் வழி கண்டார்கள்.

ஆனால் நகரத் தெருவுக்காகச் செய்யப்பட்ட பிரேம்கள் இந்த அடியைத் தாங்கவில்லை, முறியத் தொடங்கின. ரீபேக்கில் பலமுறை வென்றவரும் பிரேம் கட்டும் கலைஞருமான ஜோ பிரீஸ், 1977-இல் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களால் மலைக்கென்றே ஒரு சைக்கிளைப் புதிதாகக் கட்டினார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. டாம் ரிச்சி கட்டிய பிரேம்களைக் கொண்டு கெல்லியும் ஃபிஷரும் 1979-இல் கடை திறந்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம், ஜப்பானில் பெருவாரியாகச் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற சைக்கிளை அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகு மலைச் சைக்கிள் உலகெங்கும் பரவியதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? மலைச் சைக்கிள் என்பதே பழைய சைக்கிளுக்கு மறுவாழ்வு கொடுக்கப் போய்ப் பிறந்ததுதான். அன்று பிறந்த அந்தச் சைக்கிள்களும் இன்று கிழடாகிவிட்டன. 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட மலைச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பிரித்துச் செப்பனிட்டு, மீண்டும் மலைக்கு ஓட்டிச் செல்லும் ஆர்வலர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முப்பது, நாற்பது ஆண்டு வயதான இந்த உலோகத்தை நம்பி ஒரு மனிதன் சரிவில் இறங்கலாமா?

உலோகமும் களைப்படையும்

ஒரு கம்பித் துண்டை எடுத்து ஒருமுறை வளையுங்கள், முறியாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். இதுவே உலோகக் களைப்பு. பார்வைக்கு வளையாத அளவு சிறிய விசையும், லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால், மயிரிழை போன்ற ஒரு விரிசலைத் தொடங்கி வைக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வண்டிகளின் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்துகொண்டிருந்தபோது, அவற்றை ஆராய்ந்த ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், எஃகைப் பற்றி முக்கியமான ஓர் உண்மையைக் கண்டார். குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே தகைவு இருக்கும்வரை, எத்தனை லட்சம் தடவை விசை வந்து போனாலும் எஃகு களைப்பதில்லை.

அலுமினியத்துக்கு இப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது. சிறிய விசையும் அதன் ஆயுளில் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். அதற்காக அலுமினியச் சைக்கிள் எல்லாமே ஆபத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குழாயைப் பருமனாக்கினால் தகைவு குறைந்துவிடும். ஆயுளும் மிக நீண்டுவிடும். 1979-லேயே சார்லி கன்னிங்ஹாம் என்பவர் பருத்த அலுமினியக் குழாய்களால் மலைச் சைக்கிள் கட்டிக் காட்டினார். கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் பிரேமைப் பற்றி அல்ல. எடையைக் குறைப்பதற்காக மெலிதாகச் செய்த அலுமினிய ஹேண்டில்பாரையும், அதைத் தாங்கும் ஸ்டெம்மையும் பற்றித்தான். பிரேமில் விரிசல் விழுந்தால் பெயிண்டில் ஒரு கோடு தெரியும், அல்லது மிதிக்கும்போது கிறீச்சென்ற ஓசை வரும். ஹேண்டில்பாரோ ஸ்டெம்மின் பிடிக்கு உள்ளே, கண்ணுக்கு மறைவான இடத்தில் முறியும். அதுவும் இரு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்திருக்கும் இறக்கத்தில்! பழைய பொருளின் மீது எவ்வளவு பற்று இருந்தாலும் சரி, ஓட்டப் போகிற சைக்கிளுக்குப் புதிய ஹேண்டில்பார் போடுங்கள். பழையதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

எஃகுக்குச் சாவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஷ்வின் பிரேம்கள் முறிந்ததை மேலே பார்த்தோம். அங்கே தகைவு எல்லையைத் தாண்டிவிட்டது. மேலும் வோலர் கண்ட எல்லை பழுதற்ற எஃகுக்கே பொருந்தும். துரு அரித்த சிறு குழி ஒன்று இருந்தால், விசை முழுவதும் அந்தக் குழியின் அடியில் போய்க் குவியும். நல்ல மலைச் சைக்கிளின் குழாய் இரு முனைகளிலும் 0.9 மி.மீ. தடிமனும் நடுவில் 0.6 மி.மீ. தடிமனுமே இருக்கும். உள்ளுக்குள் துரு வேலை செய்ய அதிக இடமில்லை என்பது புரிகிறதல்லவா?

ஆகவே பிரேமை வாங்குமுன் சில சோதனைகள். ஹேண்டில்பார் குழாய்க்குச் சற்றுப் பின்னே, மேல் குழாயின் அடியிலும் கீழ்க் குழாயின் அடியிலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சைக்கிள் எங்காவது நேருக்கு நேர் மோதியிருந்தால் அங்கே மெல்லிய மடிப்பு ஒன்று விரலில் தட்டுப்படும். கண்ணைவிட விரலே இதில் நம்பகமானது. பிறகு சீட் பில்லரைக் கழற்றிவிட்டு, பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். செந்தூளாகக் கொட்டினால் உள்ளே துரு மிகுதி. அடுத்து ஒரு நூல். பின்சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் இழுத்துக் கட்டுங்கள். நடுவிலுள்ள சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரு பக்கமும் உள்ள தூரத்தை அளந்தால் பிரேம் கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு அஞ்ச வேண்டாம். எஃகாக இருந்தால் அனுபவமுள்ள கைகள் அதற்கு மேலும் நிமிர்த்திவிடும். அலுமினியத்தை நிமிர்த்த முயலக் கூடாது.

சீட் பில்லர் சிக்கிக்கொண்டால்

மேலே 'சீட் பில்லரைக் கழற்றிவிட்டு' என்று சுலபமாக எழுதிவிட்டேன். பழைய மலைச் சைக்கிளை வாங்கியவர்கள் இந்த வரியைப் படித்துச் சிரிப்பார்கள். ஏனெனில் கழறாத சீட் பில்லர்தான் இந்த வேலையில் மிகப் பெரிய தலைவலி. எத்தனையோ நல்ல பிரேம்கள் துருவால் அழியவில்லை. பில்லரை எடுக்கப் போய்த்தான் அழிந்தன.

காரணம் வேதியியல். பில்லர் அலுமினியம், பிரேம் எஃகு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையே மழைநீரோ உப்புக் கலந்த வியர்வையோ கசிந்தால் என்ன ஆகும்? பள்ளியில் இரு வேறு உலோகத் தகடுகளை உப்புநீரில் வைத்து மின்கலம் செய்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதே மின்கலம்தான் இங்கும் உருவாகிறது. எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் அலுமினியம் அரிபட்டு, வெண்மையான ஆக்ஸைடாகவும் ஹைட்ராக்ஸைடாகவும் மாறுகிறது. இந்த வெண்பொருள் பழைய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கக் கூடியது. இடமோ இல்லை. ஆகவே அது ஆப்பு அடித்தாற்போல் பில்லரை இறுக்கிவிடுகிறது.

முதலில் எல்லோரும் செய்வது ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது. சில சமயம் இதுவே போதும். போதவில்லை என்றால் பலர் செய்யும் இரண்டாவது காரியம், பில்லரைப் பட்டறை வைஸில் கடித்துப் பிடிக்கவைத்து, பிரேமையே நெம்புகோலாக்கித் திருகுவது. விசை மிக அதிகம், குழாய் 0.6 மி.மீ. கனமே. பில்லர் அசைவதற்கு முன் சீட் குழாய் முறுக்கிக்கொண்டால் எல்லாம் போயிற்று. ஆகையால் சிறிது சிறிதாக, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். முழு பலத்தையும் ஒரே மூச்சில் காட்ட வேண்டாம்.

சிக்கிய பொருளைக் கழற்றச் சூடாக்க வேண்டும் என்பது பட்டறைப் பழக்கம். இங்கே அது தலைகீழாகிவிடும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையக்கூடியது. உள்ளே இருப்பது அலுமினியம். வெளியே இருப்பது எஃகு. இரண்டும் சேர்ந்து சூடேறினால் பிடி இன்னும் இறுகும்! வேண்டியது குளிர்ச்சி. 27 மி.மீ. விட்டமுள்ள பில்லரின் உட்புறத்தில் உலர் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அதை 60 டிகிரி குளிர்வித்தால் விட்டம் 0.037 மி.மீ. குறையும். தலைமயிரின் தடிமனில் பாதிதான். ஆனால் ஆக்ஸைடுப் படலம் உடைந்து பிடி விட அந்தப் பாதி மயிர் போதுமானதாகப் பல முறை அமைந்திருக்கிறது. உலர் பனிக்கட்டி சுழிக்குக் கீழே 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் தோலைச் சுட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எதற்கும் அசையாவிட்டால், பில்லரை மேலே வெட்டிவிட்டு, இரும்பறுக்கும் ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் பிளந்து, உட்பக்கமாக மடித்து எடுக்கலாம். பொறுமை வேண்டும், ரம்பம் குழாயைத் தொட்டுவிடாமல் கவனமும் வேண்டும். கடைசி வழி எரிசோடா. அது அலுமினியத்தைக் கரைத்துவிடும், எஃகைத் தொடாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடும், தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். தெறிக்கும் ஒரு துளி கண் பார்வையைப் பறித்துவிடும். பெயிண்டையும் தின்றுவிடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான திறந்த வெளியில், அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் கூடவே கூடாது. ஒரு பிரேமுக்காகக் கண்ணைப் பணயம் வைப்பது என் கருத்தில் அறிவீனம்.

இத்தனை பாடும் எதனால்? முதலில் பூட்டியபோது பில்லரில் ஒரு விரல் கிரீஸ் தடவாததால்.

மற்ற வேலைகள்

ஹப், பெடல், ஹேண்டில்பார் ஆகியவற்றின் உள் அமைப்பு உங்களுக்குப் புதிதல்ல. கப்பு, கோன், இடையே பால்ரஸ் குண்டுகள். நம் தெருமுனைச் சைக்கிள் கடையில் பார்க்கும் அதே ஏற்பாடு. மண்ணெண்ணெயில் கழுவி, குழி விழுந்த குண்டுகளை மாற்றி, கிரீஸ் அடைத்துப் பூட்ட வேண்டியதுதான். ரீபேக்! இந்தக் காலத்துச் சைக்கிள்கள் பலவற்றில் பேரிங்கை மொத்தமாகக் கழற்றி எறிந்து புதிது போடுகிறார்கள். பழையவற்றின் பெருமையே, ஒரு குண்டு தேய்ந்தால் அந்தக் குண்டை மட்டும் மாற்றலாம் என்பதில் இருக்கிறது.

கியர் மாற்றும் நெம்புகோல்களில் 1980-களில் வந்தவை எளிமையானவை. கட்டைவிரலால் தள்ளினால் போதும். உள்ளே கெட்டுப்போக அதிகம் இல்லை. 1990-களின் விசைகளில் சிறு பற்களும் கொக்கிகளும் நிறைய. அவற்றிலிருந்த கிரீஸ் காலப்போக்கில் பிசின்போல் கெட்டியாகி, கொக்கி பல்லில் விழாமல் நின்றுவிடும். 'உடைந்துவிட்டது' என்று தூக்கி எறியப்படும் விசைகளில் பல உண்மையில் உடைந்தவை அல்ல. கரைப்பான் விட்டுக் கழுவி, மெல்லிய எண்ணெய் இட்டால் உயிர் பெற்றுவிடும்.

முன் ஃபோர்க்கில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு 1989-இல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தின் மூலம் சந்தைக்கு வந்தது. தொடர்ந்து 1990-களில் பல ஃபோர்க்குகளில் வில்லுக்குப் பதிலாகப் பாலியூரிதேன் கட்டைகளை வைத்தார்கள். இந்தப் பொருளை ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. இன்று அத்தகைய ஃபோர்க்கைப் பிரித்தால் கல்லாக இறுகிய அல்லது பாகாக இளகிய ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். எஃகு நாற்பது ஆண்டு நிற்கிறது. ரப்பர் வகைகள் நிற்பதில்லை. டயர், பிரேக் கட்டை, பிரேக் கம்பி மூன்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள்.

குரோமியப் பூச்சின் மேல் படிந்த துருவுக்கு எளிய மருந்து உண்டு. மெல்லிய அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், பளபளவென்று வந்துவிடும். பெயிண்ட் விஷயத்தில் ஆர்வலர்களிடையே ஓயாத சண்டை இருக்கிறது. முழுவதும் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பது ஒரு கட்சி. கீறலோடும் உரிந்த எழுத்துகளோடும் அப்படியே மெழுகிட்டு வைப்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அடித்த முதல் பெயிண்டை ஒருமுறை சுரண்டினால் போனது போனதுதான்.

ஓட்டிப் பார்த்தால்

செப்பனிட்ட சைக்கிளில் ஏறியதும் ஒன்று புரியும். இதை இன்றைய மலைச் சைக்கிள்போல் ஓட்ட முடியாது. 1990-ஐ ஒட்டி வந்தவற்றில் ஸ்டெம் 13, 14 செ.மீ. நீளம், ஹேண்டில்பார் குறுகல், ஹேண்டில்பார் குழாய் தரைக்கு 71 டிகிரி கோணத்தில் ஏறத்தாழ நெட்டாக நிற்கும். ஆகவே உடலின் பாரம் முன்சக்கரத்தின் மேல் விழுகிறது. ஏற்றத்தில் இது சுகமானது; முன்சக்கரம் தரையை விட்டு எழாது. இறக்கத்தில் எதிர்மாறு. கல் ஒன்றில் முன்சக்கரம் தடுக்கினால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்பார். இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் அந்தக் கோணத்தை 65 டிகிரி அளவுக்குச் சாய்த்து, ஸ்டெம்மையும் குட்டையாக்கி இந்த ஆபத்தைக் குறைத்திருக்கிறார்கள். பழையதில் வித்தை உடலில்தான் இருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்திக்கொண்டு, இடுப்பை அதற்கும் பின்னே தள்ளி, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதிர்ச்சி தாங்கிகள் உங்கள் கை கால்களே. அடுத்தபடியாக டயர். சாலைக்கு அடிப்பதைவிடக் குறைவாகக் காற்றடித்தால் டயர் கல்லின் மேல் அமுங்கிப் போகும். மிகவும் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழும்.

மழையில் ஓட்டினால் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. ரிம் நனைந்திருந்தால் பிரேக் பிடித்தபின் சக்கரம் சில சுற்றுச் சுற்றி நீரைத் துடைத்த பிறகே பிடி கிடைக்கும். அந்தச் சில சுற்றுக்குள் சரிவில் வெகுதூரம் போய்விடலாம். வளைவு தெரிவதற்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்வது பழைய ஓட்டுநர்களின் வழக்கம்.

முதல் தடவை வெகுதூரம் போக வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, கிராங்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்குங்கள். சதுர அச்சின் மேல் கிராங்க் படிந்து உட்கார அந்தத் தூரம் ஆகும். அதற்குள் போல்ட் சற்றுத் தளர்ந்திருக்கும். தளர்ந்தபடியே ஓட்டினால் கிராங்க்கின் சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு அந்தக் காலத்துக் கிராங்க் இன்னொன்றைத் தேடி அலைய வேண்டியதுதான்.